மூணாம் நம்பர் ரூம் கதவு

இந்தக் கதையில குருவுக்கு வயசு முப்பத்திமூணு. சிஷ்யருக்கு அம்பத்தொம்பது. தாடி ரெண்டு பேருக்குமே கிடையாது.

குரு பேரு ரெஜினா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஓடாத ரைஸ் மில் ஒண்ண வாடகைக்குப் புடிச்சு, பசின்னு வர்றவங்களுக்கு மத்தியானச் சோறு போடுறவங்க. மில்லு மாடியில நாலு ரூம். வீடு இல்லாம ரோட்டுக்கு வந்த குடும்பம், ஒரு வழி பிறக்கிற வரைக்கும் அங்க இருந்துக்கலாம்.

சிஷ்யர் வைத்தியலிங்கம். முப்பது வருஷம் ஆஸ்டல் வார்டன். ரிட்டயர் ஆன மறுநாளே வீட்டு அடுப்படியில ரவுண்ட்ஸ் போக ஆரம்பிச்சாரு. "எங்கயாவது போய் புண்ணியம் தேடிக்கங்க, என்னை விட்டுடுங்க"ன்னு மனைவி கும்பிட்டு அனுப்பி வச்ச எடந்தான் இது.

வரும்போதே ஒரு நோட்டு வாங்கிட்டு வந்தாரு, குரு சொல்றதையெல்லாம் எழுதிக்க. ஒரு மாசம் கழிச்சு அதுல இருந்தது ஒரே வரி. 'சாம்பாருக்குப் புளி கம்மியாப் போடணும்.'

பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒரு நாள் பூசணிக்கா நறுக்கும்போது கேட்டே புட்டாரு.

"ஏம்மா, தினம் பொங்குறோம், தினம் போடுறோம். நாம பண்றது உருப்படியா நடக்குதான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?"

ரெஜினா பூசணிக்காயில இருந்து கண்ணை எடுக்கல.

"தெரியும்போது சொல்றேன் சார். அந்த அண்டாவக் கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்க."

புடிச்சாரு. நோட்டுல எழுத ஒண்ணும் இல்ல.

அந்த வாரந்தான் மூணாம் நம்பர் ரூமுக்கு அஞ்சலையும் அவ மக தர்சினியும் வந்தாங்க. இருந்த குடிசை இடிபட்டு, எட்டு மாசமா பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல கெடந்தவங்க. பொண்ணு ஒம்பதாங் கிளாஸ். ராத்திரியெல்லாம் மகளை மடியில படுக்க வச்சு, தூணுல சாஞ்சபடி முழிச்சே இருந்தவ அஞ்சலை. ரூமுக்கு வந்த மொத ரெண்டு நாள் ஆத்தாளும் மகளும் பண்ணின ஒரே வேலை தூக்கந்தான்.

வைத்தியலிங்கத்துக்கு மனசு இளகிப் போச்சு. மூணாம் நாள் காலையில, கொட்டுற மழையில, கடை தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னு எட்டு இட்லி வாங்கினாரு. மாடிக்குப் போனா கதவு உள்பக்கமா சாவி போட்டுப் பூட்டியிருக்கு.

'பாவம், அசந்து தூங்குதுங்க. எழுப்பாம உள்ள வச்சுட்டு வந்துருவோம்.'

ஆபீஸ் ஆணியில நாலு ரூமுக்கும் டூப்ளிகேட் சாவி தொங்கும். உள்பக்கம் தாழ்ப்பாளும் கிடையாது. போன மாசம் ரெஜினா காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, நாலையும் கழட்டி இரும்புக் கடையில போட்டவரே இவருதான். ஆஸ்டல்ல அப்படித்தான், பையங்க ரூமுக்குத் தாழ்ப்பாள் வச்சா வார்டன் நிம்மதியாத் தூங்க முடியாது.

அந்தச் சாவிய எடுத்துட்டு வந்து சத்தமில்லாமத் தொறந்து, செருப்பக் கழட்டிட்டு, பூனை மாதிரி உள்ள போயி குனிஞ்சாரு.

அஞ்சலை கண்ணு முழிச்சுப் பாத்தா, மக தலைமாட்டுல ஒரு ஆம்பள உருவம்.

போட்டா பாருங்க ஒரு சத்தம். சாம்பார் செவுத்துல. சட்னி வைத்தியலிங்கம் வேட்டியில.

"ஐயையோ நான்தாம்மா! வார்டன்! இட்லி! இட்லி!"

யாரு கேக்கறது? ரெஜினா ஓடி வந்தப்ப, அஞ்சலை ரெண்டு கோணிப்பையில சாமானத் திணிச்சுக்கிட்டு இருந்தா. தர்சினி மூலையில சுருண்டு உக்காந்திருக்கு.

"எங்க போற?"

"பஸ் ஸ்டாண்டுக்கே போறோம்க்கா."

"இந்த மழையிலயா?"

"அங்க கதவு இல்லேன்னு தெரியும், நான் முழிச்சிருந்தேன். இங்க கதவு இருக்குன்னு நம்பி கண்ண மூடிட்டேன்க்கா."

வைத்தியலிங்கம் வாயத் தொறந்தாரு. ரெஜினா அவர ஒரு பார்வை பாத்தாங்க. மூடிக்கிட்டாரு.

"பத்து நிமிஷம் குடு அஞ்சலை. அப்பவும் போகணும்னா, உன் மூட்டைய நானே தூக்கிட்டு வர்றேன்."

கீழ எறங்கிப் போனாங்க. கையில ஸ்க்ரூ டிரைவர், தாழ்ப்பாளோட திரும்பி வந்தாங்க. தாழ்ப்பாள் எங்கருந்து வந்துச்சுன்னா, ஆபீஸ் பாத்ரூம்ல இருந்து. அன்னைலருந்து அங்க போற ஆளு பாட்டுப் பாடிக்கிட்டேதான் உக்காரணும்.

கதவுல தொங்கின டூப்ளிகேட் சாவிய உருவி அஞ்சலை கையில வச்சாங்க. மூணாம் நம்பர் கதவுக்கு உள்பக்கமா தாழ்ப்பாள முடுக்கினாங்க.

"ரெண்டு பேரும் உள்ள இருங்க. தாழ்ப்பாளப் போடு."

கதவு மூடுச்சு. உள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம்.

ரெஜினா இந்தப் பக்கம் திரும்பினாங்க.

"தள்ளுங்க சார்."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

ஒரு கையால தள்ளினாரு. அசையல.

"சோத்துக்கு இல்லாத மாதிரி தள்ளாதீங்க. தோள வச்சுத் தள்ளுங்க."

எம்பது கிலோ ஒடம்பு. ரெண்டடி பின்னாடி போயி, ஓடி வந்து மோதினாரு. கதவு 'ம்'முன்னுச்சு, அவ்வளவுதான். தோளப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

உள்ளருந்து ஒரு சின்னக் குரல்.

"இன்னும் பலமா!"

தர்சினி.

மறுபடி மோதினாரு. உள்ள 'களுக்'குன்னு ஒரு சிரிப்பு.

"சார், அந்தப் பக்கம் கால ஊனித் தள்ளுங்க சார்!"

"ஏம்மா, நான் என்ன உங்க ஸ்கூல் பஸ்ஸா?"

மூணாவது தடவை மோதி, வழுக்கி, சட்னி வேட்டியோட பொத்துன்னு உக்காந்துட்டாரு. இப்ப உள்ள ரெண்டு பேரு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

தாழ்ப்பாள் தொறக்கல. மூட்டையும் வெளிய வரல.

ரெஜினா படியெறங்கிப் போய் உலை வச்சாங்க. வைத்தியலிங்கம் வேட்டியக் கழுவப் போனாரு. சாயங்காலம் தன் கைக்காசுல மூணு தாழ்ப்பாள் வாங்கியாந்து, மத்த ரூமுக்கெல்லாம் அவரே மாட்டினாரு. ஆணியில தொங்கின மத்த சாவியையும் அந்தந்த ரூம்ல குடுத்துட்டாரு. பாத்ரூமுக்குத்தான் வாங்க மறந்துட்டாரு.

ஒரு மாசம் போச்சு. அஞ்சலைக்குப் பூ மார்க்கெட்ல மாலை கட்டுற வேலை கெடைச்சுது. பாதி நாள் அவ திரும்பி வர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சிருக்கும். வைத்தியலிங்கம்தான் தூக்குல சோறு கொண்டு போவாரு. கதவத் தட்டுவாரு. யாருன்னு கேட்டா முழுப் பேரையும் சொல்லுவாரு. தொறந்தாக் குடுப்பாரு.

அன்னைக்கும் தட்டினாரு. உள்ளருந்து அஞ்சலை குரல்.

"யாரு?"

"வைத்தியலிங்கம்மா. சோறு."

"இன்னைக்கு வேணாம் சார்."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா? நான் உள்ள வந்து..."

"இப்ப வேணாம் சார். அடுப்புல வேலையா இருக்கேன். சாயங்காலமா வாங்க."

கதவு தொறக்கவே இல்ல. தூக்குச் சட்டிய அப்படியே கொண்டு வந்து ரெஜினா முன்னாடி வச்சாரு. மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு.

"நம்ம குடுத்த ரூமு. நம்ம குடுத்த ஸ்டவ்வு. நம்மளையே வாசல்ல நிக்க வச்சு அனுப்புது அந்த அஞ்சலை. சாம்பார் சோறு வேணாமாம்!"

ரெஜினா அப்பத்தான் நாளைக்கான அரிசிய மூட்டையிலருந்து அள்ளிக்கிட்டு இருந்தாங்க.

"கதவுகிட்ட என்ன வாசனை வந்துச்சு சார்?"

வைத்தியலிங்கம் யோசிச்சாரு.

"கருவாடு. நல்லா மொறுமொறுன்னு வறுக்கற வாசனை."

அள்ளி வச்ச அரிசியிலருந்து ரெண்டு ஆளு அரிசிய எடுத்து, ரெஜினா திருப்பி மூட்டையிலயே போட்டாங்க. கையத் தட்டிக்கிட்டாங்க.

"போன மாசம் பூசணிக்கா நறுக்கும்போது, உருப்படியா நடக்குதான்னு ஒண்ணு கேட்டீங்கள்ல சார்?"

"ஆமா. நீங்க பதிலே சொல்லல."

"அதுதான் சார் மேல வறுபட்டுக்கிட்டு இருக்கு."