எட்டுப் பக்கத்துப் பிள்ளைகள்

தலையாட்டிக்கோட்டைக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். தப்பைக்கூட முழுசாகச் செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

அந்த ஊர்ப் பால்வாடிக்கு மேலிடத்திலிருந்து ஒரு படப் புத்தகம் வந்தது. எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு குழந்தை. கண்ணாடி போட்ட பையன், முக்காடு போட்ட சிறுமி, சக்கர நாற்காலியில் ஒரு பாப்பா, இப்படி. கூடவே ஒரு கடிதம்: 'இதிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் உங்கள் பிள்ளைகள் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்.'

உடனே கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர்: தலைவர் வெயிலுமுத்து, டீச்சர் குருவம்மா, சமையல் பார்க்கும் ஆவுடை.

"எட்டுப் பேரையும் ஏத்துக்கிடணுமாம். நம்மகிட்ட எத்தன இடம் இருக்கு?" என்றார் தலைவர்.

"மொத்தம் இருபது. நம்ம பிள்ளையள் பன்னெண்டு," என்றாள் குருவம்மா.

"அப்ப சரியா எட்டு! மேலிடத்துல எவ்வளவு யோசிச்சு அனுப்பியிருக்காவ!"

மூன்று பேருக்கும் புல்லரித்துப் போனது. பதிவேட்டில் எட்டுப் பேரையும் சேர்த்தார்கள். பெயர் தெரியாததால் 'ஒண்ணாம் பக்கம்', 'ரெண்டாம் பக்கம்' என்று எழுதினார்கள். எட்டுப் பாய் விரித்தார்கள். ஊர்ப் பிள்ளைகளை "ஏல, உக்காருல!" என்று அதட்டிய குருவம்மா, புத்தகத்தைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்றாள். மரியாதை என்றால் சும்மாவா?

ஆவுடை முட்டை கொண்டுவந்து வைத்தாள். "ஒருத்தரும் தொட மாட்டேங்காவளே அண்ணாச்சி!"

"புது இடம்லா, கூச்சமா இருக்கும்."

"ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் போயிருதாரே?" என்றாள் ஆவுடை, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

"வரிசையில வாராவ. வளத்தவங்க அப்படி வளத்திருக்காவ," என்றார் தலைவர் பொறாமையோடு.

சக்கர நாற்காலிப் பாப்பா எப்படிப் படியேறும் என்று அவருக்குக் கவலை. தானே சிமெண்டு குழைத்து வாசலில் ஒரு சரிவுப் பாதை கட்டினார்.

அது காய்ந்த அன்றைக்கு இசக்கி தன் மகள் நட்சத்திராவைப் பால்வாடியில் சேர்க்கக் கூட்டிவந்தாள். நான்கு வயது, கையில் ஊன்றுகோல். நட்சத்திரா சரிவில் கால் வைத்ததும் தலைவர் பதறிப்போனார்.

"எறங்கு பாப்பா! அது நடக்க முடியாத பிள்ளைக்குக் கட்டினது!"

"அய்யா, வயக்காட்டு வேலைக்குப் போகணும். இவள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். நாள் பூரா சன்னலப் பிடிச்சிக்கிட்டே நிக்கா. சேத்துக்கிடுங்கய்யா," என்றாள் இசக்கி.

"இடம் இல்லியேம்மா. எட்டுப் பேரை இப்பத்தான் ஏத்துக்கிட்டோம். உன் மவள மாதிரியே ஒண்ணு இருக்கு பாரு, எவ்வளவு மரியாதையா வச்சிருக்கோம்!"

சொல்லும்போதே தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாசமாக யாரும் யாரையும் விரட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

உள்ளே இருந்த பன்னிரண்டு பிள்ளைகளும் அதற்குள் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வா, இங்க வா" என்று நட்சத்திராவைக் கூப்பிட்டார்கள். பாவம், அவர்களுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது.

அவள் உள்ளே போனாள். காலியாகக் கிடந்த எட்டுப் பாயையும் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பட்டென்று மூடினாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு," என்றாள்.

குருவம்மா அறை முழுக்கத் தேடிவிட்டு, "ஆமா, ஒருத்தரையும் காணல!" என்றாள். எட்டு இடம் காலி. சட்டப்படி நட்சத்திராவின் பெயரை எழுத வேண்டியதாயிற்று. ஆவுடை அவளுக்கு முட்டை கொடுத்தாள். கமிட்டிக்கு வேறு யோசனை வருவதற்குள் இசக்கி வேலைக்கு ஓடிவிட்டாள்.

தலைவருக்குத்தான் மனசு ஆறவில்லை. 'ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்' என்று எழுதியிருந்ததே! புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

"எட்டுப் பிள்ளையளக் காணல. எங்கயாவது பாத்தீங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

"அடையாளம் ஏதும் இருக்கா?"

"எட்டுப் பேர் படமும் இந்தப் புஸ்தகத்துல இருக்கு."

"தொறந்து காட்டுங்க, பாப்போம்."

வெயிலுமுத்து புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்படித் தொறக்கது தம்பி? அதுக மொகத்தப் பாத்தா நான் அழுதுருவேன்லா!"