சேற்றுநாடும் யானைப் பாதையும்

மழை சொன்ன நாளில் பெய்து, மன்னர்கள் மட்டும் சொன்ன சொல்லில் நிற்காமல் இருந்த ஒரு காலத்தில், சேற்றுநாடு என்றொரு நாடு இருந்தது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நாம் தின்கிற சோறெல்லாம் சேற்றிலிருந்து வந்ததுதான்.

அந்த நாட்டுக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்குக் கீழே, வடக்கு எல்லைவரை வயல், வயல், வயல். கோட்டை கிடையாது, யானை கிடையாது. குதிரை என்று பார்த்தால் அரசர் கழனிக்கோவிடம் ஒன்று இருந்தது. அதுவும் கிழம்.

பிறகு எதை வைத்து நாட்டைக் காத்தார்கள் என்று கேட்பீர்கள். சேற்றை வைத்துத்தான். பகைவன் வருகிறான் என்று தெரிந்தால் ஏரியின் மதகைத் திறந்துவிடுவார்கள். ஒரு பகல் தண்ணீர் பாய்ந்தால் போதும், வடக்கு வயல் முழுவதும் இடுப்பளவு சேறு. அதற்கு அடியில் எந்த வரப்பு எங்கே போகிறது என்பது அந்த ஊர்ச் சனங்களுக்கு மட்டும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கால் தானாக நடக்கும். வெளியூர்க்காரன் கால் வைத்தானோ, நட்ட கம்பம்தான்.

வடக்கே இருந்தது மேட்டுநாடு. அதன் அரசன் எரிவீரன் மூன்று முறை படையெடுத்து வந்தான். முதல் முறை செருப்பை விட்டுவிட்டுப் போனான். இரண்டாம் முறை வண்டிகளை விட்டுவிட்டுப் போனான். மூன்றாம் முறை அவனையே கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று, மானத்தை விட்டுவிட்டுப் போனான். போகும்போது, "சித்திரையில் உங்கள் ஏரி வற்றும் அல்லவா? அப்போது வருகிறேன், இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கேதான் சிக்கல். அவன் சொன்னது உண்மை. கோடை வந்தால் ஏரி வெடித்துக் கிடக்கும், வயல் கட்டாந்தரை ஆகிவிடும்.

அந்த மதகைத் திறந்து மூடுகிற நீர்கட்டி ஒரு பெண். மருதி என்று பெயர். வாய் கொஞ்சம் துடுக்கு, வேலையில் படுசுத்தம். அவள் நேராக அரசரிடம் போனாள். "மகாராஜா, மழைக்காலத்தில் சேறு பார்த்துக்கொள்ளும். கோடையில் நாம் உரித்த கோழி. துணைக்கு ஆள் தேடுங்கள்" என்றாள்.

கழனிக்கோ நல்ல மனிதர். யார் சொன்னாலும் கேட்பார். அதுதான் அவருடைய குணம், அதுதான் அவருடைய குறையும். தெற்கே யானைநாடு, குதிரைநாடு, கோட்டைநாடு என்று மூன்று நாடுகள் இருந்தன. மூன்றுக்கும் போய்ப் பேசினார். எரிவீரனால் அவர்களுக்கும் தலைவலிதான், ஆகையால் ஒத்துக்கொண்டார்கள். "ஒருவர் மேல் விழுகிற அடி நால்வர் மேலும் விழுந்த அடி" என்று செப்பேட்டில் எழுதி, நான்கு முத்திரையும் குத்தி, வயிறு முட்ட விருந்தும் சாப்பிட்டார்கள். ஊரே நிம்மதியாகத் தூங்கியது, மருதியும் தூங்கினாள்.

விருந்தின் ஏப்பம் அடங்குவதற்குள் யானைநாட்டு ஓலை வந்தது. "உங்கள் சேற்றில் என் யானைகள் நடக்காது. தெற்கிலிருந்து வடக்கு எல்லைவரை, வயலுக்குக் குறுக்கே, கல்லும் சரளையும் கொட்டிப் பாதை போடுங்கள். எதிரியை எல்லையிலேயே நிறுத்திவிடலாம். அந்தப் பாதையில் ஒரு சாண் வெட்டியவன் தலை போகும். இதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்."

அடுத்து குதிரைநாட்டு ஓலை. "ஈரத்தில் நின்றால் என் குதிரைகளுக்குக் குளம்பு அழுகும். வடக்கு வயலுக்குத் தண்ணீர் விடாதீர்கள். மதகை மூடி என் முத்திரையை வையுங்கள்."

மூன்றாவது கோட்டைநாட்டு ஓலை. அவர்கள் கூடவே ஒரு பெரிய இரும்புக் கதவையும் அனுப்பியிருந்தார்கள். "எல்லையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி, பாதையின் நடுவே நிறுத்துங்கள். மதில் அடுத்த ஆண்டு கட்டிக்கொள்ளலாம்."

மதில் இல்லாத கதவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சேற்றுநாட்டார் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவிலே பூட்டிய கதவு, பக்கத்திலே ஒரு காவல்காரர். ஆடுமாடு எல்லாம் கதவைச் சுற்றிக்கொண்டு போகும். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர்கள் மட்டும் திறக்கிறவரை நின்றார்கள்.

மருதி மறுபடியும் அரசரிடம் போனாள். "மகாராஜா, பாதைக்கு இரண்டு முனை உண்டு. நண்பன் வருகிற வழியில் பகைவனும் வருவான். தெற்கே பாதி போதுமே. வடக்கே எதற்கு?"

"பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள், மருதி. முடியாது என்று எப்படிச் சொல்வது?"

"வாயால்தான் சொல்ல வேண்டும்."

அரசர் சிரித்து மழுப்பிவிட்டார். பாதை எழும்பியது, மதகு மூடியது, வடக்கு வயல் காய்ந்து புல் முளைத்தது.

அதோடு நின்றதா? இல்லை. பெரிய நாடுகளோடு சேர்ந்தாயிற்று, இனிமேல் நாமும் அவர்களைப் போல இருக்க வேண்டாமா என்று கழனிக்கோவுக்கு ஓர் ஆசை வந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். யானை இல்லை, ஆனால் வீரர்களுக்கு ஆளுக்கொரு அங்குசம் கொடுத்தார். குதிரை இல்லை, ஆளுக்கொரு சேணம் கொடுத்தார். சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார். கொடியில் இருந்த நண்டை எடுத்துவிட்டு யானையை வரைந்தார்.

மருதியின் புருஷன் செம்பனும் படைவீரன்தான். காலையில் எழுந்ததும் அங்குசத்துக்கு எண்ணெய் பூசி, வாசலில் இப்படியும் அப்படியும் நடப்பான்.

"எந்த யானையை ஓட்டப்போகிறீர்கள்?" என்று மருதி கேட்டாள்.

"வரும்போது ஓட்டுவேன். உனக்கு என்ன தெரியும்? நாங்கள் யார் தெரியுமா? யானைநாட்டுக்குத் தோழர்கள்."

முன்பெல்லாம் வழிப்போக்கன் யாராவது கேட்டால், "நாங்கள் சேற்றுக்காரர்கள்" என்பார்கள். இப்போது சின்னக் குழந்தைகூட, "யானைநாட்டுக்குத் தோழர்கள்" என்றது. மருதிக்கு அதைக் கேட்க வருத்தமாக இருந்தது. தோழமை அவளுக்கும் பிடித்ததுதான், அவள் கேட்டு வாங்கியதுதான். ஆனால் தோழன் பெயரைச் சொன்ன பிறகு சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் ஞாபகம் இல்லையே என்று நினைத்தாள்.

மார்கழி பிறந்தது. ஏரி தளும்பி நின்றது. அந்த நேரத்தில், சித்திரைக்குக் காத்திருந்த எரிவீரன் காதில் செய்தி விழுந்தது. வடக்கு வயல் காய்ந்துவிட்டது, எல்லைவரை கல் பாதை போட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்காகவா போட்டார்கள்? பாவம், சிரமப்பட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு இரண்டாயிரம் வீரர்களோடு கிளம்பினான்.

நாளை மாலை வந்துவிடுவான் என்று ஒற்றன் ஓடிவந்து சொன்னான். கழனிக்கோ மூன்று நாடுகளுக்கும் புறா பறக்கவிட்டார். மூன்று நாடுகளும் வருவதாகப் பதில் அனுப்பின. பொய் இல்லை, நல்லவர்கள்தான். யானைநாட்டார், "புறப்பட்டுவிட்டோம், யானை நடையில் நான்கு நாள்" என்றார்கள். குதிரைநாட்டார், "யானைக்கு முன்னால் குதிரை போனால் மரியாதை இல்லை, சேர்ந்தே வருகிறோம்" என்றார்கள். கோட்டைநாட்டார், "முதலில் எங்கள் கோட்டையைப் பூட்டிவிட்டு வருகிறோம்" என்றார்கள்.

பகைவனோ நாளை வருகிறான், நண்பர்கள் நான்காம் நாள் வருகிறார்கள். நடுவில் இருக்கிற நாட்களுக்கு யார் காவல்? அங்குசத்தைக் காட்டினால் எரிவீரன் பயப்படுவானா?

மருதி அரசர் முன்னால் வந்து நின்றாள். "மதகைத் திறக்கிறேன். பாதையை வெட்டுகிறேன். மூன்று நாள் அவனை நிறுத்திவைத்தால் போதும்."

கழனிக்கோவின் முகம் வெளுத்தது. "பாதையை வெட்டினால் உன் தலை போகும். ஒப்பந்தமும் போகும். ஒப்பந்தம் போனால் சித்திரையில் யார் வருவார்கள்?"

"சித்திரையைப் பார்க்க நாம் உயிரோடு இருக்க வேண்டுமே. நீங்கள் சொன்னதாக இருக்க வேண்டாம். என் இஷ்டத்துக்கு நானே வெட்டினேன் என்று சொல்லிவிடுங்கள். தலை ஒன்றோடு போகட்டும், ஒப்பந்தம் நிற்கும்."

அரசர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மருதிக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடுதான் மண்வெட்டியை எடுத்தாள்.

மதகில் இருந்த குதிரைநாட்டு முத்திரையை உடைத்தாள். தண்ணீர் வடக்கு வயலுக்குள் இறங்கியது. ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேர் மண்வெட்டியோடு அவள் பின்னால் வந்தார்கள். கடைசியாக ஒருவன் வந்தான். செம்பன்தான். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். "சரளையை நெம்ப இது ஆகுமா, பார்" என்று அங்குசத்தை நீட்டினான். நன்றாகவே ஆயிற்று. அங்குசத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

இரும்புக் கதவுக்குக் கொஞ்சம் தெற்கே, பாதையைக் குறுக்காக வெட்டினார்கள். பத்து ஆள் நீளம். பிறகு வரப்பு வழியாக வடக்கே போய்க் கோரைப் புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாள் மாலை எரிவீரன் வந்தான். பாதையில் படை நீளமாக வந்தது, பின்னால் சாப்பாட்டு வண்டிகள் வந்தன. முன்னே பார்த்தால் பூட்டிய கதவு, இரண்டு பக்கமும் மதிலே இல்லை. எரிவீரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கதவை எதற்கு உடைக்க வேண்டும்? பக்கத்தில் போங்கடா" என்றான்.

பக்கத்தில் பச்சைப் புல். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இறங்கிய முதல் நூறு பேர் இடுப்புவரை போனார்கள். அவர்களை இழுக்கப் போனவர்கள் முழங்கால்வரை போனார்கள். எல்லோரும் முன்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் மருதியும் அவள் ஆட்களும் கோரையிலிருந்து எழுந்தார்கள். வண்டிக்காரர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். படைக்கும் வண்டிகளுக்கும் நடுவே பாதை வெட்டுப்பட்டது.

கதவை உடைத்துப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பள்ளம். திரும்பிப் பார்த்தார்கள், பின்னாலும் பள்ளம். நான்கு பக்கமும் சேறு, நடுவிலே இரண்டாயிரம் பேர். சோறு மட்டும் அக்கரையில் இருந்தது. அதைச் சேற்றுக்காரர்கள் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் குறைவு என்று செம்பன் சொன்னான்.

பட்டினியிலேயே நாள் ஓடியது. நான்காம் நாள் தெற்கே அறுபது யானைகள் வந்து நின்றன, இருபுறமும் குதிரைகள். பசியால் துவண்டிருந்த எரிவீரன் வாளைச் சேற்றில் போட்டான். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். யானைநாட்டு அரசர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யானை வெட்டுப்பட்ட பாதையின் விளிம்பில் நின்றிருந்தது.

"என் பாதையை வெட்டியது யார்?"

மருதி முன்னால் வந்தாள். "நான்தான்."

"நானும்தான்" என்றான் செம்பன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னொருவர் வந்தார். கழனிக்கோ. கிரீடம் இல்லை, கால் இரண்டும் சேறு. "அவள் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவன்தான் வெட்டச் சொன்னவன். என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"ஒப்பந்தத்தில் ஒரு தலைதானே எழுதியிருக்கிறது? மூன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?" என்றார் யானைநாட்டு அரசர். பிறகு மருதியைப் பார்த்தார். "அம்மா, நான் வருவேன் என்று உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"நம்பாதவளாக இருந்தால் அன்றைக்கே ஊரை விட்டு ஓடியிருப்பேன். நீங்கள் வருவீர்கள் என்று நம்பியதால்தான் வெட்டினேன். சேறு ஆளை நிறுத்தும், பிடித்துக் கட்டாது. கட்டுவதற்கு நீங்கள் வேண்டும். நீங்கள் வருகிறவரை நிறுத்துவதற்கு நாங்கள் வேண்டும். நாங்களும் யானையாக மாறிவிட்டால், யாரைக் காப்பாற்ற வருவீர்கள்?"

யானைநாட்டு அரசர் சேற்றுக்கு நடுவே நிற்கிற இரண்டாயிரம் பேரைப் பார்த்தார். தம் அறுபது யானைகளைப் பார்த்தார். பாதை முழுசாக இருந்திருந்தால் தாம் வந்து சேர்ந்திருப்பது இழவு வீட்டுக்குத்தான் என்று அவருக்குப் புரிந்தது. யானையிலிருந்து இறங்கினார். சேற்றில் கால் வைத்தார், முழங்கால்வரை போனது. செம்பன் கை கொடுத்து வரப்பின் மேல் ஏற்றிவிட்டான்.

அங்கேயே, வரப்பின் மேலேயே, ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டது. பாதை ஊரோடு நின்றுவிட வேண்டும். மழைக்காலத்தில் மதகு மருதி பொறுப்பு. கோடையில் யானையும் குதிரையும் எல்லையில் வந்து தங்க வேண்டும். கடைசியாக ஒரு வரியை யானைநாட்டு அரசரே சொல்லி எழுதவைத்தார். அவர் நாட்டின் ஆற்றங்கரை எல்லையைக் காக்க, சேற்றில் நடக்கத் தெரிந்த இருபது பேரைச் சேற்றுநாடு அனுப்ப வேண்டும். அதுவரை உதவி கேட்டே பழகிய கழனிக்கோ, முதல்முறையாக உதவி கொடுக்கிற அரசராகக் கையெழுத்துப் போட்டார்.

இதிலிருந்து நாம் அறியும் நீதி: துணைக்கு நண்பர்களைச் சேர்த்துக்கொள், ஆனால் அவர்களைப் போல ஆவதற்காக உன் சொந்த பலத்தைத் தூர்த்துவிடாதே.