அந்திக் கலயம்

முன்னொரு காலத்தில் நொச்சிமலை நாட்டைக் கொற்றவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நினைத்தால் விருந்து, நினைத்தால் விரதம். ஆனால் அந்தி முரசு கேட்டால் போதும், காரணமில்லாமல் அவன் நெஞ்சு கனத்துவிடும்.

“நாடே இப்படியா, நான் மட்டும்தானா?” என்று சபையில் கேட்டான்.

தானாதிபதி சிங்கமுத்து மறுநாளே வந்து நின்றார். “ஆயிரம் பேரைக் கேட்டேன் மகாராஜா! அத்தனை பேரும் ஆனந்தம்!”

“அப்படியானால் சாபம் எனக்குத்தான். மகுடம் தம்பிக்கு. நான் காட்டுக்குப் போகிறேன்.”

மந்திரி நம்பிராயர் பதறி எழுந்தார். மனைவி இறந்த பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது ராஜா ஒருவனிடம்தான். அவனும் போய்விட்டால்?

“பௌர்ணமிவரை பொறுங்கள் பிரபு. நானும் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு தடவை அல்ல, காலை, உச்சி, அந்தி, இரவு என்று முரசு ஒலிக்கும்போதெல்லாம்.”

“எத்தனை பேரை?”

“இன்னும் ஓர் ஆளைச் சேர்த்தாலும் சேதி மாறாது என்று தெரியும்வரை.”

“ஆயிரம் பேரிடம் நடக்க மந்திரியாருக்குக் கால்வலி போலிருக்கிறது!” என்று சிரித்தார் சிங்கமுத்து.

“முதல் ஆள் நீங்கள்தான், தானாதிபதியாரே.”

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை குட்டிக் கலயங்கள், ஒரு முரசுக்கு ஒன்று. தினமும் மனம் லேசாக இருந்தால் அதில் வெள்ளைக் கூழாங்கல் போட வேண்டும், கனத்தால் கறுப்பு. முதல் ஐந்து பேர் ஆளுக்கொரு விதம். ஆட்களைக் கூட்டக் கூட்ட ஒரு வடிவம் தெளிந்தது.

பௌர்ணமியன்று கலயங்கள் சபைக்கு வந்தன. காலையில் பெரும்பாலும் வெள்ளை. அந்திக் கலயங்களில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு.

ராஜா நெடுநேரம் பார்த்தான். “எல்லோருக்குமா... சிங்கமுத்து, நீர் எப்போது கேட்டீர்?”

“காலையில்... கோயிலில் பொங்கல் கொடுக்கும்போது...”

“சூடான பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு எவனய்யா அழுவான்?”

சபை குலுங்கியது.

“முதல் வரிசை தானாதிபதியாருடையது” என்றார் மந்திரி. அதிலும் அந்திக் கற்கள் கறுப்பு. சிங்கமுத்து தலைகுனிந்தார்.

“அந்த ஆயிரம் பேரிடமும் மறுபடி போம். இந்தத் தடவை அந்தியில் கேளும்!” என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி நம்பிராயருக்குப் போட்டான். காட்டுப் பேச்சு அதோடு போயிற்று.

அப்போதுதான் கடைசி வரிசையைக் கவனித்தான். காலை முதல் இரவுவரை கறுப்பு.

“இது யாருடையது?”

“என்னுடையது பிரபு. என்னை மட்டும் கேட்டிருந்தால் இந்த நாட்டுக்கு விடியலே இல்லை என்றிருப்பேன். இதைச் சேர்த்தும் சேதி மாறவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.”



அன்று அந்தி முரசு ஒலித்தபோது மந்திரி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ராஜா தனியாக நின்றான்.

“பேச ஒன்றுமில்லை, நம்பிராயரே. சும்மா உட்காரலாமென்று வந்தேன்.”

ராஜாவை உட்காரவைத்துவிட்டு நம்பிராயர், சபையிலிருந்து திரும்ப வந்திருந்த அந்திக் கலயத்தின் பக்கம் வழக்கம்போல் போனார். எந்தக் கல்லை எடுப்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.