முதல் சிரிப்பு

"மூணு வருஷமா யாரும் சிரிக்கல டீச்சர்" என்றார் சூசைமாணிக்கம்.

நடிப்புப் பயிற்சி முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். பவளக்கொடி டீச்சர் மட்டும் கூடத்தில் இருந்தார். சூசைமாணிக்கத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அந்தக் கடற்கரை ஊர்களில் மேடை ஏறுகிறவர்களுக்குத் தொண்டை கட்டினாலும் மனசு கட்டினாலும் அவரிடம்தான் வருவார்கள்.

சூசைமாணிக்கம் ஒரு நோட்டை நீட்டினார். நகைச்சுவைப் பேச்சாளரான தன் கதையைத் தானே எழுதியிருந்தார்.

மேடையில் தான் விழுந்த கதை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு கல்யாணத்தில் இவர் மைக்கைப் பிடித்ததும் கூட்டம் பந்திக்கு எழுந்துவிட்டது. இலையே போட்டிருக்கவில்லை. ஒரு சடங்கு வீட்டில் ஒரே ஒருவர் கை தட்டினார். கொசு அடித்தாராம்.

எழுந்த கதைக்குத் தலைப்பு மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாவில் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் யாரும் சிரிக்கவில்லை என்றால் தம்பியின் ஐஸ் கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான் என்றார்.

டீச்சர் படித்தார். இரண்டு இடத்தில் புன்னகைத்தார்.

அதற்குள் சூசைமாணிக்கம் காரணங்களை அடுக்கினார். எல்லார் கையிலும் போன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதைச் சொன்னாலும் கோபம். கோபப்படும் பெண்களைப் பற்றியே அவரிடம் மூன்று ஜோக் இருந்தது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

"அந்த மூணு வருஷத்துக்கு முன்னாடி?" என்றார் டீச்சர்.

"பதினெட்டு வருஷம் சிரிச்சாங்க."

"முதல்ல யார் சிரிப்பாங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. கூட்டம் தானாகச் சிரிக்காது, யாராவது ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைப்பார்கள்.

"லூர்து. என் வீட்டுக்காரி. நாலாவது வரிசை ஓரம். அவ சிரிச்சா கூட்டம் பிடிச்சுக்கும்."

எந்த ஜோக்குக்கு என்று டீச்சர் கேட்டார்.

பெண்டாட்டி வைத்த மீன்குழம்பு. பெண்டாட்டி ஏறியதும் சாய்ந்த ஷேர் ஆட்டோ. பெண் பார்க்கப் போன அன்று கரண்ட் இல்லாததால் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தது. கடைசி ஜோக்குக்கு லூர்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள் என்றார்.

நோட்டில் எழுபது பக்கங்களில் லூர்து வருகிறார். ஒரு பக்கத்திலும் பேசவில்லை.

இப்போது எங்கே இருக்கிறார் என்று டீச்சர் கேட்டார். சாயல்குடியில் அக்கா வீட்டில், மூன்று வருடமாக என்றார் சூசைமாணிக்கம். அது ஏதோ வேறு சங்கதி போல.

"அவங்க போனது இதுல எங்க இருக்கு?"

"அதுல சிரிக்க என்ன இருக்கு டீச்சர்?"

பவளக்கொடி நோட்டை மூடினார். கூடத்தின் நாலாவது வரிசையில் ஓர நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கண்ணே. நான் சொல்றேன். நீங்க முதல்ல சிரிக்கணும்."

மேடை ஏறினார். அதே ஜோக்குகள். அதே சொற்கள். பெயர் மட்டும் மாறியிருந்தது. சூசைமாணிக்கம் வைத்த குழம்பு. சூசைமாணிக்கம் ஏறியதும் சாய்ந்த ஆட்டோ. கரண்ட் இருந்திருந்தால் யாரும் கட்டிக்கொண்டிருக்க மாட்டாத சூசைமாணிக்கம்.

சிரிப்புக்கு விடவேண்டிய இடத்தில் டீச்சர் நிறுத்தினார். காத்திருந்தார்.

சூசைமாணிக்கம் வாயைத் திறந்தார். பல் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

டீச்சர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இருமல்தான் வந்தது.

மறுபடி.

ஐந்தாவது தடவை அவர் போதும் என்று கையைத் தூக்கினார். நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

"அவ எப்படி டீச்சர் சிரிச்சா?"

பவளக்கொடி மேடையைவிட்டு இறங்கினார்.

"என்கிட்டயா கேக்குறீங்க?"