குளத்தைத் திரும்பிப் பார்க்காத மைனா

ஒரு காட்டில் மரத்துக்கு ஒரு மைனா உட்கார்ந்து சேதி சொல்லி வந்தது. ஒன்று கூவ, அடுத்தது அதை வாங்கிக் கூவ, ஒரு கோடியில் நடந்தது மறு கோடிக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். போன மாசியில் காட்டுத் தீ வந்தபோது அத்தனை உயிர்களும் தப்பியது மைனாக்களின் புண்ணியத்தால்தான், குழந்தைகளே. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மைனாக்களில் கீச்சிதான் படு வேகம். சேதி காதில் விழுந்ததோ இல்லையோ, வாயில் வந்துவிடும். எல்லோரும் மெச்ச மெச்ச அதற்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்தது. குளம் வற்றிச் சிறுத்து, மீன்கள் சேற்றில் துள்ளின. அத்தனையும் தனக்கே வேண்டும் என்று ஒரு நரிக்கு எச்சில் ஊறியது. தண்ணீருக்கு வரும் கூட்டத்தை விரட்ட அதற்குத் தெம்பில்லை. நேரே கோடி மரத்து மைனாவிடம் போயிற்று.

"ஐயோ, குளத்தில் நஞ்சாம்! குடித்த பன்றி சுருண்டு விழுந்துவிட்டதாம்!"

சேதி மரம் மரமாய்த் தாவிக் கீச்சியிடம் வந்தது. கீச்சியின் மரம் குளக்கரையிலேயே இருந்தது. கழுத்தைத் திருப்பினால் பன்றி சுகமாய்ச் சேற்றில் புரள்வது தெரிந்திருக்கும். திருப்ப நேரமேது?

"குளத்தில் நஞ்சு!" என்று கூவிவிட்டது.

மரத்தடிக்குக் கீச்சியின் தோழி புள்ளிமான், துவண்டுபோன குட்டியோடு வந்து நின்றது. நாணல் மறைத்ததால் அதற்குக் குளம் தெரியவில்லை.

"நிஜமா, கீச்சி? குட்டிக்கு நாக்கு உலர்ந்துவிட்டதே!"

"காடே சொல்கிறது, அக்கா! ஆற்றுக்கு ஓடு!"

ஆறு இரண்டு மலைக்கு அப்பால் இருந்தது. மான் மறுபேச்சின்றித் திரும்பி நடந்தது.

பிற்பகலில் பன்றி வந்து கீச்சியின் மரத்தில் முதுகைத் தேய்த்தது.

"உனக்கு ஒன்றும் ஆகவில்லையா?" என்று பதறியது கீச்சி.

"எனக்கென்ன? வயிறு முட்டக் குடித்தேன்."

கீச்சி இறக்கை நோகப் பறந்தது. முதல் மலையிலேயே மானைக் கண்டது. கீழே கிடந்த குட்டியை மான் நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை.

"அக்கா... தண்ணீர் நல்ல தண்ணீர்தான்."

"குளத்துக்குப் பக்கத்தில்தானே இருந்தாய்?" என்றது மான். "நீ பார்த்துச் சொல்கிறாய் என்று நினைத்தேன்."

அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கீச்சிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கீச்சி தொண்டை கிழியக் கூவியது: "குளத்தில் நஞ்சில்லை! குளத்தில் நஞ்சில்லை!"

அந்தச் சேதியும் அதே வேகத்தில் காடெங்கும் போனது. எல்லோரும் ஓடி வந்து தாகம் தீரக் குடித்தார்கள். மான் மட்டும் குட்டியை விட்டு நகரவில்லை.

நீதி: ஊரெல்லாம் எட்டும் குரல் உயிரைக் காக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும்; கேட்டதைப் பரப்பும் முன் உண்மையா என்று பார்.