எஞ்சினை அணைக்க வேண்டிய இடம்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. கல்லூரிப் போட்டிக்கு வண்டி செய்த மாணவர் அணியில் வெல்டிங் வேலை பார்த்த தமீம் சொல்லிக் கேட்டது. தமீம் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். கூட்டியது என்று எனக்குத் தெரிந்த இடங்களை விட்டுவிட்டேன்.

"இதுக்கு மேல இந்த எஞ்சின்ல நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க மேடம்."

அணியில் எஞ்சினைப் பார்த்துக்கொண்ட மாதேஷ் இப்படிக் கேட்டது ஜெசிந்தா மேடத்திடம். தர்மபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எஞ்சின் ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று மாணவர்களிடையே பெயர். மணி என்ன என்று கேட்டால் வாட்சைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்பான் தமீம்.

மேடம் எஞ்சினைப் பார்த்தார். புல்வெட்டும் மெஷினிலிருந்து எடுத்தது. உரித்த தேங்காய் அளவு இருக்கும்.

"என்னென்ன செஞ்ச?"

மாதேஷ் வரிசையாகச் சொன்னான். சிலிண்டர் மேல் மூடும் ஹெட்டைத் தேய்த்து, உள்ளே கலவை நசுங்கும் கம்ப்ரஷனை ஏற்றியிருந்தான். கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றி, பெட்ரோல் இறங்கும் வழியை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கியிருந்தான். ஆய்வக ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் அந்தக் கல்லூரியில் எந்த எஞ்சினும் இவ்வளவு குறைவாகக் குடித்ததில்லை. அதையே வண்டியில் ஏற்றி ரோட்டில் விட்டால், போன வருடச் சோதனையில் வந்த மைலேஜ்கூட வரவில்லை.

சனிக்கிழமை துறைத்தலைவர் முன்னால் சோதனை ஓட்டம். போன வருடச் சோதனையைத் தாண்டாத வண்டியைப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். மாதேஷுக்கு இது கடைசி வருடம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மற்ற எல்லோராலும் சொல்ல முடியும், அவனால் முடியாது.

"அப்ப கோளாறு எங்க?"

மாதேஷ் அதைப் பத்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தான்.

"ரூபிணிகிட்ட மேடம்."

இந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் எந்த வண்டி அதிக தூரம் போகிறது என்பதுதான் கணக்கு. அதனால் யாரும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே போவதில்லை. கொஞ்சம் ஓட்டி வேகம் எடுத்ததும் அணைத்துவிடுவார்கள். வண்டி தானாக உருளும். உருண்டு சோர்ந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி அணைப்பார்கள்.

எங்கே அணைக்க வேண்டும் என்று மாதேஷ் கணக்குப் போட்டு, ஹாஸ்டல் பின்னால் இருக்கும் சுற்றுச் சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான். வண்டியை ஓட்டிய ரூபிணி கோட்டைத் தாண்டி நெடுந்தூரம் போய்த்தான் அணைத்தாள். சில சுற்றில் அணைக்கவே இல்லை.

ரூபிணி மூன்றாம் வருடம். அணியிலேயே எடை குறைந்தவள். அதனால்தான் ஓட்டுநர். கேன்டீன் பரோட்டா ஒட்டாத ஒரே உடம்பு என்று தமீம் கிண்டல் செய்வான். ஏன் அணைக்கவில்லை என்று கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: மறந்துட்டேன்ணா. வேறு ஆளைப் போடலாம் என்று மாதேஷ் நினைத்தான். அதற்கு மேடம் சம்மதிக்க வேண்டும்.

மேடம் தமீமைக் கூப்பிட்டு வண்டியின் மேல்மூடியைக் கழற்றச் சொன்னார்.

"ஏறு" என்றார் மாதேஷிடம்.

தன் எடைக்கு மைலேஜ் சரியாக வராது என்று மாதேஷ் சொல்லிப் பார்த்தான். மைலேஜ் வேண்டாம், நீ போட்ட கோட்டில் அணைத்துவிட்டு ஒரு சுற்று வந்தால் போதும் என்றார் மேடம். ரூபிணி ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள். அவன் தலை அதற்குள் போகவில்லை. தமீமின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படுத்தான். அந்த வண்டியை மல்லாந்து படுத்துத்தான் ஓட்ட முடியும். இரண்டு வருடமாக அதற்கு எஞ்சின் செய்கிறவன் அதற்குள் படுத்தது அன்றுதான்.

வண்டி கிளம்பியது.

சாலை முகத்துக்கு நேராக வந்தது. தலைக்குப் பின்னால் எஞ்சின் சூடேறிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடியது. அவன் செய்த எஞ்சின், அவன் கேட்க ஆசைப்பட்ட சத்தம்.

சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. அணைக்கும் சுவிட்ச் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. கோட்டுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மேடு.

அணைத்தால், மேட்டுக்கு முன்னால் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும்.

போன வருடப் போட்டியில் அப்படித்தான் அணைத்தாள் ரூபிணி. ஸ்டார்ட் ஆகவில்லை. வெளி ஆள் யாரும் தொடக்கூடாது என்பது விதி. டிராக் ஓரத்தில் வண்டிக்குள் படுத்தபடியே கிடந்தாள், ஏற்றிப்போக வண்டி வரும்வரை. மற்ற வண்டிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. மாதேஷ் அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். அப்போது அவன் கவலையெல்லாம் எஞ்சினைப் பற்றி.

கோடு வந்தது. கோடு போனது.

கட்டைவிரல் அப்படியே இருந்தது.

சுற்று முடிந்து வந்து நின்றபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் குனிந்து கேட்டார்.

"ஏம்ப்பா அணைக்கல?"

"மறந்துட்டேன் மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ரூபிணி சிரிக்கவில்லை. தமீம்கூடச் சிரிக்கவில்லை.

மேடம் கையை உள்ளே விட்டு சுவிட்சை அழுத்தினார். எஞ்சின் நின்றது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது. பிடிக்கவில்லை. பிறகு இருமிக்கொண்டு பிடித்தது.

மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்டுல எப்படி நிறுத்துவ?"

ஸ்டாண்டில் மாதேஷ் எஞ்சினை நிறுத்தியதே இல்லை. அளந்து ஊற்றிய பெட்ரோல் தீர்ந்தால் தானாக நிற்கும். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒருதடவை ஸ்டார்ட் செய்வான், தீரும்வரை ஓடவிடுவான். அப்படித்தான் அத்தனை சோதனையும் செய்திருந்தான். சூடான எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து ஒருநாளும் பார்த்ததில்லை. அவ்வளவு ஏற்றிய கம்ப்ரஷனும் அவ்வளவு சுருக்கிய பெட்ரோலும் சேர்ந்தால் சூட்டில் பிடிப்பது கஷ்டம்.

மேடத்துக்கு வகுப்பு இருந்தது. போய்விட்டார்.

அன்று மதியமே மாதேஷ் ஹெட்டைக் கழற்றினான். ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் வைத்து, ஏற்றிய கம்ப்ரஷனை இறக்கினான். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினான். ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் பெட்ரோல் முன்னைவிட அதிகமாகச் செலவானது. ஆறு மாத வேலையை ஒரே நாளில் குப்பையில் போடுகிறாயே என்று தமீம் அங்கலாய்த்தான். மாதேஷ் அடுத்த போல்ட்டை முறுக்கினான்.

பிறகு ரூபிணியைக் கூப்பிட்டான். ஓட்டுவதற்கு அல்ல. வண்டியை நிழலில்கூட நிறுத்தாமல், உச்சி வெயிலில், நின்ற இடத்திலேயே அணைக்கவும் ஸ்டார்ட் செய்யவும். முதல்நாள் சில தடவை பிடிக்கவில்லை. பிடிக்காதபோதெல்லாம் எஞ்சினில் கோளாறு தேடுவதுபோல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாதேஷ் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மறுநாள் பிடித்தது. அதற்கு மறுநாளும் பிடித்தது. அணை, ஸ்டார்ட். அணை, ஸ்டார்ட். பக்கத்து ஆய்வகத்தில் வகுப்பு எடுத்தவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மேடம் அந்தப் பக்கம் வந்தார்.

"எஞ்சின் தயாரா?"

தயார் என்று சொல்ல மாதேஷ் வாயெடுத்தான். அப்புறம் சொல்லாமல் வண்டியைக் காட்டினான்.

உள்ளே ரூபிணி ஒரு கையால் எஞ்சினை அணைத்துக்கொண்டும் ஸ்டார்ட் செய்துகொண்டும் இருந்தாள். கண் எங்கேயோ இருந்தது. வாயைப் பொத்தாமல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

மேடம் தலையாட்டிவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை துறைத்தலைவர் குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாதேஷ் அங்கே நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் தனியாகப் போய் நின்றுகொண்டான். அவன் கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது என்கிறான் தமீம். இது அவன் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

வண்டி வளைவில் திரும்பியது. கோட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது.

எஞ்சின் சத்தம் நின்றது.

மாதேஷ் ஓடப் போனான். ஓடாமல் நின்றான். கோட்டுக்கு முன்னாலேயே அணைத்திருந்தாள். அன்று பின்னாலிருந்து காற்று அடித்தது. அது அவன் கணக்கில் இல்லை, அவள் கணக்கில் இருந்தது.

டயர் உருளும் சத்தம் மட்டும் அவனைத் தாண்டிப் போனது. மேட்டின் அடியில் வண்டி தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது.

ஸ்டார்ட்டர் ஒரே ஒரு தடவை சுற்றியது. பிடித்தது.

பிறகு நான் விசாரித்தேன். துறைத்தலைவர் சம்மதித்து அவர்கள் போட்டிக்குப் போனது உண்மை. பரிசு எதுவும் வரவில்லை, ஆனால் எல்லாச் சுற்றையும் முடித்திருக்கிறார்கள். போட்டியன்று எஞ்சினை எத்தனை தடவை அணைத்தாய் என்று ரூபிணியிடம் கேட்டேன்.

அவள் எண்ணவில்லை.