கோழி தின்ற முதல் எழுத்து

பனைமரம் வாய் திறந்து பேசி, கொக்கு பள்ளிக்கூடம் நடத்தி, கோழி இரண்டையும் குறை சொல்லிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில், தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரமாக ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம். ஒரு கிழட்டுப் பனைமரத்தின் அடிதான் அது. வாத்தியார் கொக்கு, சலவை வேட்டி கட்டியவர் மாதிரி கறை படாமல் நடப்பார். இரண்டு காலையும் நன்றாக ஊன்றித்தான் நிற்பார். அப்போதெல்லாம் கொக்குகளுக்கு அது வழக்கமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர ஒரு விதி உண்டு. பிள்ளைக்கு நாலு வயது ஆனதும் பனைமரம் ஓர் ஓலை கொடுக்கும். ஒன்றே ஒன்று. பனைமரம் அப்படியொரு கஞ்சன். பிள்ளை அந்த ஓலையில் எழுத்தாணியால் ‘அ’ எழுத வேண்டும். ஓலை கிழியாமல் எழுதினால் உள்ளே. கிழிந்தால் ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான், ஆயுசுக்கும் வேறு ஓலை கிடையாது.

நாலு வயதுப் பிள்ளையின் கையில் கூரான இரும்பைக் கொடுத்துக் கிழிக்காமல் எழுது என்றால் நடக்கிற காரியமா? நடக்கவில்லை. அந்த ஊரில் ஆடுகளைவிட ஆடு மேய்க்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு ஆட்டுக்குப் பின்னால் மூன்று பேர் போனால் ஆடு எப்படி நிம்மதியாக மேயும்? ஆடுகள் எல்லாம் இளைத்துவிட்டன.

அந்த ஊரில் இசக்கி என்று ஒருத்தி. சின்ன வயதில் அவளும் ஓலை வாங்கியவள்தான். சுழி போட்டாள், வயிற்றை வளைத்தாள், குறுக்குக் கோடும் இழுத்துவிட்டாள். கடைசியாக நேராக நிற்கிற கோலை இழுக்கும்போது சர்ரென்று ஓலை கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயரே ‘முக்கால் எழுத்து இசக்கி’. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைக்கும்போதுதான் அவளுக்கு வலிக்கும்.

இப்போது அவள் மகள் பேச்சிக்கு நாலு வயது. அறுப்பு முடிந்து வரும் வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓலை கொடுப்பதாகக் கொக்கு வாத்தியார் சொல்லி அனுப்பிவிட்டார். தன் மகளுக்கும் அப்படி ஒரு பெயர் வந்துவிடக் கூடாதே என்று இசக்கி வீட்டிலேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டாள். வாசலில் நின்ற பூவரச மரத்தின் இலைகளைப் பறித்துப் போட்டு, ஈர்க்குச்சியைப் பிள்ளை கையில் திணித்தாள்.

“இறுக்கிப் பிடிட்டி! கோணாதே! மெதுவா... ஐயோ, கிழிச்சிட்டியே!”

பேச்சி அழுவாள். இசக்கி திட்டுவாள். அடுத்த இலை வரும், அதுவும் கிழியும். மரம் பாதி மொட்டையாகிவிட்டது.

“ஏ இசக்கி, பிள்ளைக்கு எழுத்து வரலைன்னா நான் என்ன பாவம் பண்ணுனேன்?” என்று பூவரசு கேட்டது.

“விடேன்” என்றான் புருஷன் சுடலை. “ஆடு மேய்ச்சா என்ன கெட்டுப் போச்சு? நான் மேய்க்கலையா?”

“உங்க ஆடு இப்ப எங்க நிக்கின்னு சொல்லுங்க, பாப்பம்.”

சுடலை எழுந்து ஆட்டைத் தேடிப் போனான்.

ஒரு நாள் இசக்கி சோர்ந்துபோய், குச்சியை எறிந்துவிட்டுச் சோற்று வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி விரலை அரிசிக்குள் விட்டு என்னவோ இழுத்துக்கொண்டிருந்தாள். இசக்கி நிமிர்ந்து பார்த்தால் சுளகில் ஒரு ‘அ’ இருக்கிறது! கொஞ்சம் தொந்தி பெரிது, கோல் கொஞ்சம் சாய்வு, ஆனால் ‘அ’தான்.

“என்னட்டி அது?”

அடி விழப்போகிறது என்று பயந்த பேச்சி, “ஒண்ணுமில்லையே” என்று சுளகை ஒரு குலுக்குக் குலுக்கினாள். எழுத்து காணாமல் போனது.

இசக்கி அரிசியைத் தடவிப் பார்த்தாள். கிழிந்த இடம் எதுவும் இல்லை. அரிசி எப்படிக் கிழியும்? இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருஷமாக ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“திரும்பப் போடு, பாப்பம்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு நேரத்துக்கு வேகவில்லை. பேச்சி போடுவாள், குலுக்குவாள், போடுவாள். “இது குண்டு அ. இது தூங்குத அ. இது அப்பா மேல கோவமா நிக்கித அ” என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். பிறகு ஊரெல்லாம் அதைத் தேட ஆரம்பித்தாள். “அம்மாவில அ இருக்கு! அப்பாவில இருக்கு! அணில்ல இருக்கு! அரிசியிலகூட இருக்கும்மா!” அப்படியே திரும்பி, வாசலில் நின்ற புள்ளிக்கோழியைப் பார்த்து, “கோழியில இல்ல” என்றாள்.

புள்ளிக்கோழிக்கு நெஞ்சு சுருக்கென்றது.

அதற்கு முன்னாலேயே அது நொந்துபோயிருந்தது. தன் குஞ்சுகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லிக் கொக்கிடம் போய்க் கேட்டிருந்தது. “கையே இல்லாத பிள்ளைகளுக்கு எழுத்தாணி எதற்கு, அம்மையே?” என்று வாத்தியார் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொல்லிவிட்டார். அவருக்கு மட்டும் எங்கே கை இருக்கிறது என்று கேட்க அந்த நேரத்தில் கோழிக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. இப்போது இந்த நண்டுப் பிள்ளை வேறு ‘கோழியில இல்ல’ என்கிறது.

‘இல்லாட்டி என்ன? எடுத்துக்கிட்டாப் போச்சு’ என்று கோழி முடிவு செய்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பேச்சி காலையிலேயே எழுந்து, சுளகு நிறைய அரிசி பரப்பி, இருப்பதிலேயே அழகான ஓர் ‘அ’ போட்டாள். அப்பா வந்து பார்க்கட்டும் என்று வாசலில் வைத்துவிட்டு, தலை பின்ன உள்ளே போனாள். கோழி இரண்டு பக்கமும் பார்த்தது. சுளகில் ஏறியது. ஒரு மணி விடாமல் தின்று தீர்த்தது.

பின்னல் ஆட ஓடிவந்த பேச்சி வெறும் சுளகைப் பார்த்தாள். தேரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஓர் அலறல்.

“என் அ-வைக் கோழி தின்னுட்டு!”

“அது தின்னது எழுத்தை இல்லட்டி, எழுத்தைச் சுத்தி இருந்த அரிசியை” என்றான் சுடலை. சரியாகத்தான் சொன்னான். நாலு வயதுப் பிள்ளையிடம் சரியாகச் சொல்லி என்ன பிரயோசனம்?

“போனாப் போகுது கண்ணு, வேற எழுதிக்கிடலாம்” என்றாள் இசக்கி.

“வேற இல்ல. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை அசையவில்லை. இசக்கிக்குப் பழைய நினைப்பு வந்தது. தன் ஓலையாவது முக்கால்வாசி எழுதிய பிறகு கிழிந்தது. இவள் எழுத்தாணியைத் தொடாமலே ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவாள் போலிருக்கிறதே! வேறு வழி தெரியாமல், ஒரு கக்கத்தில் பிள்ளையையும் இன்னொரு கக்கத்தில் கோழியையும் இடுக்கிக்கொண்டு பனைமரத்தடிக்கு நடந்தாள். குஞ்சுகள் பின்னால் வரிசையாக ஓடின. வேடிக்கை பார்க்க ஊரே அவற்றுக்குப் பின்னால் ஓடியது. ஆடு மேய்க்கிற ஊரில் ஆட்களுக்கு வேறு என்ன வேலை?

கொக்கு வாத்தியார் ஓலையை நீட்டினார். பேச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என் எழுத்து அது வயித்துல இருக்கு. தரச் சொல்லுங்க.”

வாத்தியார் கோழியின் பக்கம் திரும்பினார். “உண்மையா?”

“தின்னேன். அதுக்கு என்ன இப்ப?” என்றது கோழி, றெக்கையை உதறிக்கொண்டு. “இனிமே அது எங்க வீட்டுச் சொத்து. எம் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்துக்கிடுதேன். உம்ம பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம்.”

“அப்படியானால் எழுதிக் காட்டும், பார்ப்போம்.”

கோழி காலைத் தூக்கி மண்ணை ஒரு கிளறு கிளறியது. மறு காலால் இன்னொரு கிளறு. புழுதி எழும்பி வாத்தியாரின் வெள்ளை எல்லாம் சிவப்பானது. பிறகு கோழி ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தான் எழுதியதை உற்றுப் பார்த்தது. வாத்தியாரும் பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“இரும். அடியில இருக்கு” என்று கோழி இன்னும் ஆழமாகக் கிளறியது. ஒரு புழு வந்தது. எழுத்து வரவில்லை.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் அழகான எழுத்தை இந்தக் கோழி படுத்துகிற பாட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“அப்படி இல்ல! தள்ளு! வயிறு பெருசா வரணும்!”

கோழியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மண்ணில் குந்தினாள். விரலை ஊன்றிச் சுழி போட்டாள். வயிற்றை வளைத்தாள். குறுக்குக் கோட்டை இழுத்துக்கொண்டே போனவள் வாத்தியாரின் காலில் போய் முட்டினாள்.

“வாத்தியாரய்யா, காலை எடுங்க. கோல் வரணும்.”

வாத்தியார் தன்னை அறியாமல் ஒரு காலைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் பேச்சி மேலிருந்து கீழே நேராக ஒரு கோல் இழுத்தாள். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

“எம்மா! இங்க இருக்கு! கோழி முழுசாத் தின்னல!”

இசக்கி அழுதாளா சிரித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

கொக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார். “எல்லாம் சரி. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. மண்ணில் எழுதியது கணக்கில் வராது. ஓலையில்தான்...” தூக்கிய காலைக் கீழே வைத்தால் எழுத்தை மிதிக்க வேண்டும். எழுத்தை மிதிக்கிற வாத்தியாரை ஊர் சும்மா விடுமா? ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டே விதியைச் சொன்னதால் அதற்கு வழக்கமான கம்பீரம் வரவில்லை.

அப்போது மேலே சலசலவென்று சத்தம். பனைமரம் வாய் திறந்தது.

“ஓய் வாத்தியாரே, அந்த ஓலையை இங்க திருப்பிக் கொடும். எழுத்தும் வந்துட்டு, என் ஓலையும் மிஞ்சிட்டு. இது நல்ல ஏற்பாடா இருக்கே! இனிமே கை பழகுத வரைக்கும் ஒரு பயலும் என் ஓலையத் தொடக் கூடாது. மண்ணுல எழுதட்டும், அரிசியில எழுதட்டும், அழிச்சு அழிச்சு எழுதட்டும். எனக்கென்ன செலவு?”

“முன்னால கிழிச்சவங்க?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“அவங்களும் எழுதட்டும். அரிசி என்ன, என் தலையிலயா காய்க்கி?”

கஞ்சத்தனத்தில் சொன்னதுதான். ஆனாலும் ஊர் பனைமரத்தைப் பெரிய தர்மவான் என்று கொண்டாடியது. பனைமரமும் மறுக்கவில்லை.

யாரோ ஓடிப்போய்ச் சுளகும் அரிசியும் கொண்டுவந்தார்கள். பேச்சி அதைச் சுளகில் பரப்பி அம்மாவின் முன்னால் வைத்தாள். இசக்கி முதலில் மாட்டேன் என்றாள். பிறகு விரலை வைத்தாள். சுழி, வயிறு, குறுக்குக் கோடு எல்லாம் தானாக வந்தது. கடைசிக் கோலுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. சர்ரென்ற அந்தச் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது.

பேச்சி தன் சின்னக் கையால் அம்மாவின் விரலைப் பிடித்தாள்.

“கிழியாதும்மா. இது அரிசிம்மா.”

இருவருமாகக் கோலை இழுத்தார்கள். அந்த அரிசியை அன்றே பொங்கினார்கள். “இதைத் தின்னா அ போயிராதே?” என்று பேச்சி சந்தேகமாகக் கேட்டாள். “கோழி தின்னப்ப போச்சா?” என்றாள் இசக்கி. அதற்குப் பிறகு பிள்ளை இரண்டு தடவை வாங்கித் தின்றாள்.

கொக்கு இன்றைக்கும் ஒற்றைக்காலில் நிற்கிறது, கீழே யாருடைய எழுத்தாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்குப் பயம். கோழியும் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளவில்லை. குஞ்சுகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு மண்ணைக் கிளறும், ஓரடி பின்னால் வரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். இன்னும் எழுத்து வந்தபாடில்லை. நம் கையெழுத்து புரியாவிட்டால் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று பெரியவர்கள் திட்டுகிறார்களே, அந்தத் திட்டிலும் பாதி அந்தப் புள்ளிக்கோழிக்குத்தான் சேர வேண்டும்.

அன்று தொடங்கியதுதான் பிள்ளைக்கு முதல் எழுத்தை அரிசியில், விரல் பிடித்து எழுத வைக்கிற வழக்கம். முதன்முதலில் யார் யாருடைய விரலைப் பிடித்தது என்பதை மட்டும் பெரியவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.